அரசுக் காவலில் ஒரு மாலைப்பொழுது

நாகஜோதி திருடினாளா இல்லையா என்பது நாகஜோதிக்கே தெரியாது. சட்டப்படி அவளுக்குத் தெரிந்திருக்கவும் கூடாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் கனிஷ்கா லீவுக்கு வந்திருந்தாள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கடைக்கு இருவரும் போனார்கள். கண்ணாடிக் கதவு விலகியது, ஏசி காற்று முகத்தில் அடித்தது. அதுவரைக்கும் நாகஜோதிக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு அடுத்து அவள் நினைவில் இருப்பது காவல் நிலையத்தின் பின்னறைதான். நடுவில் ஒன்றுமில்லை. தூங்கி எழுந்தது போலக்கூட இல்லை. தூக்கத்துக்காவது ஒரு கனம் இருக்கும்.

வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் அவள் தலையிலிருந்து பட்டையைக் கழற்றினான்.

"அவ்வளவுதாம்மா, முடிஞ்சிருச்சு. தலை சுத்துதா?"

"நான் இங்க எப்படி வந்தேன்? நான் என்ன பண்ணேன்?"

"அதைத்தாம்மா எடுத்து வச்சிருக்கோம்."

பக்கத்தில் நின்ற பெண் காவலர் விவரம் சொன்னார். கடை வாசலைத் தாண்டும்போது மணி அடித்திருக்கிறது. கைப்பையைத் திறந்து பார்த்தால், பில் போடாத ஒரு நகப்பூச்சு பாட்டில். சுண்டுவிரல் உயரம்தான். கடைக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு சின்னத் திருட்டாக இருந்தாலும் நினைவுச் சான்று எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"நகப்பூச்சா?" நாகஜோதி தன் விரல்களைப் பார்த்தாள். அரசுப் பள்ளியில் காலை உணவு சமைக்கிறவள் அவள். நகத்தில் எதுவும் பூசி வருடக்கணக்காகியிருந்தது. நர்சிங் கல்லூரியில் கனிஷ்காவுக்கும் அதற்கு அனுமதி கிடையாது. "எனக்கு எதுக்குங்க அது?"

"ஞாபகம் திரும்பி வந்ததும் உங்களுக்கே தெரிஞ்சிரும்," என்றான் இளைஞன். அவன் நல்ல பையன். பொறுமையாகச் சொன்னான். "ஒரு விஷயத்தை ஒரு தடவை நெனச்சுப் பாத்தாலே அது கொஞ்சம் மாறிரும்மா. பத்துத் தடவை நெனச்சா நமக்குச் சாதகமா மாறிரும். பொய் சொல்றோம்னு நமக்கே தெரியாது. அதான் சூட்டோட சூடா எடுத்துச் சீல் வச்சிடறோம். கோர்ட்ல படிச்சுப் பாத்துட்டு, தப்பு இல்லைன்னா அப்படியே திருப்பி வச்சிருவாங்க. மூணு நாள்தான். சட்டத்துலயே இருக்கு."

பிறகு, சுவரோரம் கண் சிவந்து நின்ற கனிஷ்காவிடம் திரும்பினான். "பாப்பா, நீதான கூட இருந்த? கடைக்குள்ள நடந்தது, பேசினது எதையும் அம்மாகிட்ட சொல்லிராத. காலியான எடம் காலியாவே இருக்கணும். நீ சொல்லி வேற ஒண்ணு அங்க போயி உக்காந்துருச்சுன்னா, நாளைக்கு நெசமான ஞாபகத்தை வைக்கும்போது ஒட்டாது. வலிப்பு வந்துரும். அம்மாவுக்குத்தான் கஷ்டம்."

"மூணு நாள்ல கண்டிப்பா வந்துருமாண்ணா?"

"வந்துரும்."

கனிஷ்கா தலையை ஆட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. அவள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள்.

மூன்று நாள் கழித்து நாகஜோதி நீதிமன்றத்துக்குப் போனாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் பர்வீன், நடைபாதையில் ஓரமாக அழைத்துப்போய் விளக்கினாள். சீல் வைத்த நினைவைப் படிக்கும் இயந்திரம் தென்மாவட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒன்றுதான். மதுரையில் இருக்கிறது. முறை வைத்துத்தான் மற்ற ஊர்களுக்கு வரும்.

"கொலை கேஸ், போக்சோ கேஸ் எல்லாம் முதல்ல போகும்க்கா. நம்மளுது கடைசி. நாம மேல ஏற ஏற, புதுசா ஒரு கொலை விழுந்துரும். நாம மறுபடி கீழ."

"அப்ப யாரும் கொலை பண்ணாம இருந்தாத்தான் என் கேஸ் வருமா?"

பர்வீன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பள்ளியில் வேலையை நிறுத்தி வைத்தார்கள். திருட்டு வழக்கு முடியாதவள் கையில் அரிசி பருப்பு கொடுக்க முடியாது என்றார் தலைமை ஆசிரியர். அதைச் சொல்வது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கணவன் வேல்பாண்டி, பைபாஸ் சாலையில் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையத்தில் வேலை செய்தான். அங்கே வருகிற லாரி டிரைவர்களிடமெல்லாம், மகள் படிப்பை முடித்ததும் ஜெர்மனிக்குப் போகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தான். இப்போது அவர்கள் வேறு விஷயம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து நாகஜோதியிடம், "போயும் போயும் நகப்பூச்சா?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். அவள் அழுததைப் பார்த்தபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கனிஷ்கா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் போன் செய்தாள். கேஸைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பாள்.

"சீல் பிரிச்சுட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லடி. அடுத்த வாரம்னு சொல்றாங்க."

"சரிம்மா. வந்ததும் எனக்கு உடனே சொல்லு, என்ன?"

அம்மாவைத் திருடி என்று சொல்லிவிட்டார்களே என்ற வேதனையில் பிள்ளை கேட்கிறது என்று நாகஜோதி நினைத்தாள். "நீ அதை நெனச்சுப் படிப்பைக் கெடுத்துக்காத" என்பாள். கனிஷ்கா உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

இப்படி இரண்டு மாதம் போனது. மழை பிடித்த சமயத்தில் விடுதியில் காய்ச்சல் பரவியது. கனிஷ்கா சாதாரண ஜுரம் என்றுதான் சொன்னாள். விடுதிக் காப்பாளர் போன் செய்து, நாகஜோதியும் வேல்பாண்டியும் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் ரத்தத்தில் தட்டணுக்கள் அடியோடு இறங்கிவிட்டிருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். நாகஜோதி போனாள். கனிஷ்கா கண்ணைத் திறந்து பார்த்தாள், ஏதோ கேட்பது போல உதடு அசைந்தது. மறுநாள் விடியும் முன்பே போய்விட்டாள். பத்தொன்பது வயது.

*

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகுதான் நாகஜோதிக்கு அந்தச் சாயங்காலம் உறைத்தது. மகளோடு இருந்த ஒவ்வொரு நாளையும் மனதுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஓரிடத்தில் கை வெறுமையாகத் திரும்பி வந்தது. தன் பிள்ளையின் ஒரு துண்டு அரசாங்கத்திடம் இருக்கிறது.

பர்வீனிடம் போனாள். "அந்தக் கடையில கேமரா இருந்திருக்குமேம்மா?"

"இருக்கு. படமா மட்டும் பாக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு. என்ன பேசினீங்கன்னு யாரும் சொல்லத்தான் கூடாது."

பர்வீன் அதை வாங்கி வந்து போட்டுக் காட்டினாள். அதில் சத்தம் இல்லை. சோப்பும் ஷாம்பும் அடுக்கிய வரிசையில் அம்மாவும் மகளும் நடந்து வருகிறார்கள். கனிஷ்கா நிற்கிறாள். ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். தலை நிமிராமலே ஏதோ சொல்கிறாள். நாகஜோதியின் கை வாய்க்குப் போகிறது. அப்படியே நிற்கிறாள். கனிஷ்கா இன்னும் ஏதேதோ சொல்கிறாள், புறங்கையால் கண்ணைத் துடைக்கிறாள். பிறகு நாகஜோதி அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடிக்கிறாள், என்னவோ சொல்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நகர்ந்து தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

நாகஜோதி அதை மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

"என்ன சொன்னாளோ," என்றாள் கடைசியில். "நான் வாயைப் பொத்துற அளவுக்கு என்னத்த சொன்னா? அப்பறம் எதுக்குச் சிரிச்சோம்?"

பர்வீன் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ஒரு வழி இருக்கு. தப்பை ஒத்துக்கிட்டீங்கன்னா சின்ன அபராதத்தோட இன்னைக்கே முடிஞ்சிரும். ஆனா ஒத்துக்கிட்டா அந்த ஞாபகம் வழக்குச் சான்றா கோர்ட்டுக்குச் சொந்தமாயிரும். உங்களுக்குத் திரும்ப வராது."

"அப்ப வேணாம்."

"வருசக்கணக்கா ஆகலாம்க்கா."

"ஆகட்டும்."

ஆனது. புகார் கொடுத்த மேலாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். சம்மன் திரும்பி வந்தது. குற்றப்பத்திரிகை எழுதிய ஏட்டு ஓய்வு பெற்றார். இயந்திரம் ஒரு முறை பழுதுக்குப் போனது, ஒரு முறை தேர்தலால் வரவில்லை. ஒரு தடவை நாகஜோதியின் பெயர் அன்றைய வரிசையில் முதலாவதாகவே வந்துவிட்டது. அன்று வக்கீல்கள் வேலைநிறுத்தம். வேல்பாண்டி முதலில் கூட வந்துகொண்டிருந்தான். பிறகு அவனால் முடியவில்லை. அந்த நடைபாதையில் உட்கார்ந்திருப்பது பிணவறை வாசலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றான். அவள் தனியாகவே போனாள். கோர்ட்டுக்கு எதிரே இருந்த இட்லிக் கடையில் மாவாட்டும் வேலை கிடைத்தது. வாய்தா நாளில் கையைக் கழுவிக்கொண்டு சாலையைக் கடப்பாள்.

ஆறாவது வருடத்தில், தேங்கிப்போன சின்ன வழக்குகளையெல்லாம் அரசாங்கம் மொத்தமாக விலக்கிக்கொண்டது. கோர்ட் வளாகத்தில் அன்று யாரோ லட்டு கொடுத்தார்கள். வருடக்கணக்காக முகம் பார்த்துப் பழகியவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பர்வீன் மட்டும் முகம் வெளுத்து வந்தாள்.

"வழக்கு இல்லைன்னா விசாரணை இல்லைக்கா. விசாரணை இல்லைன்னா படிக்க மாட்டாங்க. படிச்சுச் சரிபாக்காத ஞாபகத்தை ஆளுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு விதி. அதனால எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டுட்டாங்க."

"அழிக்கவா? யாரைக் கேட்டு?"

"திருடி மாட்டுன நேரத்தை யாரு திரும்பக் கேக்கப் போறாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

நாகஜோதி லட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "என் கேஸை வாபஸ் வாங்கக் கூடாதுன்னு எழுதிக் குடும்மா."

அந்த நீதிமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த நடுவர் இலக்கியா மனுவை இரண்டு முறை படித்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு.

"உங்க மேல இருக்கற கேஸை அரசாங்கமே வேண்டாங்குது. நீங்க வேணுங்கறீங்க. புரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"புரிஞ்சுதாங்கம்மா."

"நீங்க எடுத்தது உண்மைன்னு தெரிஞ்சா நான் தண்டிச்சுதான் ஆகணும். அந்த ஞாபகமும் உங்களுக்குக் கிடைக்காது. பள்ளிக்கூட வேலை கடைசி வரைக்கும் கிடைக்காது."

"தண்டிங்கம்மா. அப்பவும் நீங்க ஒருத்தராவது அதைப் பாத்திருப்பீங்கள்ல? எம்புள்ள எங்கிட்ட என்னமோ சொல்லியிருக்கு. உலகத்துல யாருக்குமே தெரியாம அது அழிஞ்சு போறதுக்கு, தெரியாத ஒருத்தர் காதுலயாவது விழட்டும்."

நடுவர் மனுவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு விசாரணைக்கு நாள் குறித்தார்.

*

இயந்திரம் வந்த அன்று வேல்பாண்டியும் சொல்லாமலே வந்து நின்றான். தலையில் முக்கால்வாசி நரைத்திருந்தது.

சீல் வைத்த நினைவை நடுவர் ஒருவர்தான் பார்க்கலாம், அதுவும் அவருடைய அறையில் தனியாக. கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் நாகஜோதி முந்தானை நுனியைச் சுருட்டிப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நினைத்ததைவிட நேரமானது. நடுவர் வெளியே வந்து இருக்கையில் அமர்ந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"பொருளைத் திருடும் எண்ணம் இருந்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. கவனப் பிசகு. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை செய்யப்படுகிறார்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பர்வீன் நாகஜோதியின் கையை இறுகப் பிடித்தாள். பின்வரிசையில் வேல்பாண்டி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

கலையும் நேரத்தில் உதவியாளர் வந்து, நடுவரம்மா உள்ளே கூப்பிடுகிறார் என்றார். நாகஜோதி போனாள். நடுவர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"அதை இன்னைக்கே உங்களுக்குத் திருப்பி வச்சிடலாம். அது உங்க உரிமை. வேணாம்னு சொல்றதுக்கும் உரிமை இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நான் எதுக்குங்கம்மா வேணாம்னு சொல்றேன்?"

நடுவர் தயங்கினார். "அதுல நீங்க செஞ்சது எதுவும் தப்பு இல்ல. சொன்னதும் தப்பு இல்ல. நல்ல அம்மாவாத்தான் இருந்திருக்கீங்க. ஆனா அதைக் கேட்ட பிறகு உங்களால நிம்மதியா இருக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. இவ்வளவு நாள் இல்லாம இருந்தாச்சு. இனியும் இல்லாமலே இருந்துட முடியாதா?"

நாகஜோதி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"எம்புள்ள சிரிச்சாளாம்மா அதுல?"

"சிரிச்சாங்க."

"அப்பக் குடுங்க."

வேறொரு அறையில், வேறொரு இளைஞன், அதே மாதிரிப் பட்டையை அவள் தலையில் மாட்டினான். "இது பழைய ஞாபகமா வராதும்மா. இத்தனை நாள் யாரும் தொடாம இருந்தது. இப்பத்தான் நடந்த மாதிரி வரும். பயப்படாதீங்க."

அவள் கண்ணை மூடினாள்.

ஏசி காற்று. சோப்பு வாசனை. கனிஷ்கா பக்கத்தில் நிற்கிறாள், அவள் தோள் இவள் கையில் உரசுகிறது.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டேல்ல?"

"சொல்லு."

"எனக்கு அந்தப் படிப்பு வேணாம்மா. ரெண்டு வருசமா சொல்லணும் சொல்லணும்னு நெனக்கிறேன். வார்டுக்குள்ள போனாலே நெஞ்சை அடைக்குது. ராத்திரி தூக்கமே வர்றதில்ல. நான் திரும்பிப் போகலம்மா. வீட்டுக்கே வந்துடறேன்."

கை தானாக வாய்க்குப் போகிறது.

"அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. அவரு முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாது. உங்கிட்ட சொல்லவே இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு. இன்னொரு தடவை என்னால வாயைத் தொறந்து சொல்ல முடியாதும்மா."

பிள்ளையின் கன்னம் இரண்டு உள்ளங்கையிலும் சூடாக இருக்கிறது.

"ஏண்டி, இதுக்கா இப்படி நடுங்குற? போக வேணாம். அப்பாகிட்ட நான் சொல்றேன். நீ ஒண்ணும் பேச வேணாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

சிரிக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். தூணுக்குப் பின்னால் இருந்த தட்டிலிருந்து சிவப்பு நகப்பூச்சு பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். "அப்ப இதைப் போட்டுக்கலாம்ல? காலேஜ்லதான் விட மாட்டாங்க."

"பத்து விரலுக்கும் போட்டுக்க" என்று அதை வாங்கும்போது நாகஜோதிக்கும் அழுகை வந்துவிடுகிறது. கைக்குட்டைக்காகப் பையைத் திறக்கிறாள். கண்ணைத் துடைக்கிறாள். கைக்குட்டையோடு சேர்த்து பாட்டிலும் உள்ளே போகிறது. அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பட்டையைக் கழற்றிய பிறகும் அவள் எழவில்லை.

அந்த ராத்திரி காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவளாக, மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தது நாகஜோதிதான். காலையில் புளிசாதம் கட்டிக் கொடுத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்று சொன்னதும் அவள்தான். கனிஷ்கா ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள்தானே என்று போயிருக்கிறாள். அம்மாவுக்கு ஞாபகம் வந்ததும் அம்மாவே கூப்பிடும் என்று போயிருக்கிறாள். ஒவ்வொரு ராத்திரியும் போனில் அதைத்தான் கேட்டிருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் உதடு அசைந்ததும் அதற்குத்தானோ என்னவோ.

"அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான் இளைஞன்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். நடைபாதையில் கூட்டம் கலைந்திருந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்திருந்த பெஞ்சில் வேல்பாண்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் பாதி எழுந்தான்.

"வந்துருச்சா?"

தலையாட்டினாள்.

"என்ன சொன்னா நாகு? பாப்பா என்ன சொன்னா?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதுக்குள் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். வீட்டில், அவன் வேலை முடிந்து வந்து காபி குடிக்கும் நேரம் பார்த்து, பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

"ஏங்க," என்றாள். "புள்ளைக்கு அந்தப் படிப்பு வேணாமாம். வார்டுக்குள்ள போனா நெஞ்சை அடைக்குதாம். வீட்டுக்கே வந்துடறேங்குறா. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு என்னையச் சொல்லச் சொன்னா. நீங்க அவள ஒண்ணும் திட்டக் கூடாது."

வேல்பாண்டி அவளையே பார்த்தான். முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு எல்லாம் புரிந்து பார்த்தான். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"திட்ட மாட்டேன்," என்றான். "வரச் சொல்லு."